புறப்படும்போது கேட்கக் கூடாதது

"அம்மா, அன்னைக்கு நமக்காக வண்டியவிட்டு எறங்குனது யாரு?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் செவ்வந்தி கேட்ட முதல் கேள்வி அதுதான். அப்போது அவளுக்கு ஆறு வயது. தண்ணீர் கேட்கவில்லை, வலிக்கிறது என்று சொல்லவில்லை. பேச்சித்தாய் மகளின் நெற்றியைத் துடைத்துவிட்டு, "தெரியலயேம்மா" என்றாள்.

உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. ஓடைப்பாலத்துக்குப் பக்கத்துக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது பிள்ளையைக் கருந்தேள் கொட்டிவிட்டது. உடம்பெல்லாம் வியர்த்து, வாயில் நுரை தள்ளத் தொடங்கிய பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். வந்து நின்ற கூப்பிடு வண்டியில் ஒரே ஓர் இடந்தான் இருந்தது. பிள்ளையையும் ஓர் ஆளாக எண்ணிய வண்டி, "மன்னிக்கவும், இருக்கை போதவில்லை" என்று இனிமையாகச் சொல்லிவிட்டு நகரப் பார்த்தது. ஓட்டுநர் இருந்தால் காலில் விழலாம். ஓட்டுநர் இல்லாத வண்டியில் யார் காலில் விழுவது?

அப்போது பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் பேசாமல் இறங்கினாள். வெயிலுக்காக முந்தானையை முக்காடாக இழுத்துப் போட்டிருந்தாள். பேச்சித்தாய் பார்த்ததெல்லாம் முதுகை மட்டுந்தான். பங்குனி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. வண்டி கிளம்பிய பிறகு திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. சொல்லாமல் விட்ட அந்த வார்த்தை மட்டும் அவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

நொச்சிக்கரிசலுக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் கூப்பிடு வண்டி. நிறுத்தத்தில் ஒரு கம்பம் உண்டு. அதிலிருக்கும் பொத்தானை அமுக்கினால் வண்டி தானே வந்து நிற்கும். கதவு திறக்கும். "வணக்கம். நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று ஒரு பெண் குரல் கேட்கும். பதில் சொன்னால் கொண்டுபோய் விடும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஊரில் வாசல் தாண்டிப் புறப்படுகிறவரை யாரும் எங்கே என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. விவரமில்லாத பிள்ளை கேட்டுவிட்டால்கூட, திரும்ப வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். வண்டியோ ஒவ்வொருவரையும் வாசற்படியிலேயே நிறுத்தி அதையே கேட்டது. வண்டி வந்த முதல் வாரம் சங்கரபாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, அது கேட்ட கேள்விக்கு "ஆஸ்பத்திரிக்கு" என்று பதில் சொன்னார். அவரைப் பிணமாகத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அந்தக் கேள்விக்கு வாய் திறக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது கூப்பிட்ட வண்டி அந்த வழியாக வந்தால், அவர்களோடு தொற்றிக்கொண்டு போவார்கள்.

ஆனால் தேள் கொட்டிய அன்று பேச்சித்தாய் பதில் சொன்னாள். நுரை தள்ளும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு "ஆஸ்பத்திரிக்கு!" என்று அலறினாள். அவள் பிள்ளை உயிரோடு திரும்பி வந்தது.

அவள் கைம்பெண். இடி விழுந்து புருஷன் போனதிலிருந்து, ஊரில் யாராவது கிளம்பும் நேரத்தில் தெருவில் இறங்குவதில்லை. யாரும் அவளை ஏசியதில்லை, விரட்டியதில்லை. அவளைப் பார்த்துவிட்டால் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவைத் தாங்க முடியாமல் அவளே கதவுக்குப் பின்னால் நின்று பழகிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுவாரம், நிறுத்தத்தில் வண்டி கதவைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டே இருக்க, வாய் திறக்க முடியாமல் தவித்து நின்றவர்களைத் வீட்டோடு சேர்ந்த தன் தையல் கடையிலிருந்து அவள் பார்த்தாள். எழுந்து போனாள். "நான் சொல்லுதேன். இதுக்கு மேல எனக்கு என்ன சகுனம் கெடப் போகுது?" என்றாள். ஏறினாள், இடத்தைச் சொன்னாள், இறங்கிக்கொண்டாள். மற்றவர்கள் ஏறினார்கள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலமே அவள் கடைப்பக்கம் வந்து, "நாளைக்கு டவுன்ல மழை இருக்குமா பேச்சி?" என்று கேட்பார்கள். டவுனுக்குப் போக வேண்டும் என்று அவள் புரிந்துகொள்வாள். விடிந்ததும் அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஊரே கிளம்பியது. கல்யாண வீட்டு ரவிக்கைத் துணிகள் அவள் கடைக்கு வந்தன. செவ்வந்தியை வீட்டுக்குள் கூப்பிட்டு முறுக்குக் கொடுத்தார்கள். வண்டிக் கதவு மூடும் நேரத்தில் ஏறியவர்களின் முதுகைப் பார்த்து, "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்வாள். யார் காதிலும் விழாதபடி சொல்வாள். பதில் வந்ததும் இல்லை.

இன்று காலை அந்த வண்டியிலேயே ஓர் இளைஞன் வந்து இறங்கினான். வண்டிக் கம்பெனியிலிருந்து வருவதாகவும், பெயர் ஜெபசிங் என்றும் சொன்னான்.

"பேச்சித்தாய்ங்கிறது நீங்கதானாக்கா?"

"ஆமா தம்பி."

"தினமும் வண்டியக் கூப்பிடுறீங்க. ஏறி எடத்தச் சொல்றீங்க. உடனே எறங்கிடுறீங்க. ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட நீங்க போகல. ஏன்க்கா?"

அவள் வாய் திறப்பதற்குள், வண்டி ஏற வந்திருந்த கூட்டத்திலிருந்து அய்யாக்குட்டி முந்திக்கொண்டார். ஆட்டு வியாபாரி, எங்கே நாலு பேர் கூடினாலும் அவர் குரல் கேட்கும். "அவ எறங்கலேன்னா நாங்க எங்க உக்கார? அவ மடியிலயா?"

சிரிப்பு எழுந்தது. ஜெபசிங்கும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. "அண்ணாச்சி, வண்டியோட கணக்குல நீங்கள்லாம் இந்த அக்காகூட வந்தவங்க. கூப்பிட்டவங்க மனசு மாறி எறங்கிட்டாங்க, கூட வந்தவங்க சும்மா சுத்திப் பாக்கப் போறாங்கன்னு அது எழுதிக்கிட்டிருக்கு."

"சுத்திப் பாக்கவா? ஆஸ்பத்திரியில என்னத்தய்யா சுத்திப் பாக்கது?"

"எனக்குப் புரியுது. அதுக்குப் புரியலயே! எந்த ஊருக்கு வண்டி மேல விருப்பம் இருக்குன்னு புள்ளி போட்டுப் பாக்குறாங்க. உங்க ஊருதான் கடைசி. விருப்பமில்லாத ஊருக்கு எதுக்கு வண்டின்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. நாளைக்கு விடிஞ்சா வண்டி வேற ஊருக்குப் போயிரும்."

வேப்பமரத்தடியில் தள்ளி உட்கார்ந்திருந்த அரியநாச்சி தலை நிமிர்ந்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண், கீழத் தெருவில் தனிக்கட்டை. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் டவுனுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டுதான் உயிர் வாழ்கிறாள். நாளைக்கு அவள் முறை. ஊரில் சகுனத்துக்கு அவளைவிட அதிகமாகப் பயப்படுகிறவர் யாரும் இல்லை. இன்றுவரை பேச்சித்தாயிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. தான் போக வேண்டிய இடத்தைக்கூட விளக்குக் கம்பத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். வண்டி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"இதுக்கு வழியே இல்லையாய்யா?" என்றாள் அரியநாச்சி.

"ஒரு வழி இருக்கும்மா. சாயங்காலம் வண்டி வரும். நாலஞ்சு பேராவது அவங்கவங்க வாயால எடத்தச் சொல்லி ஏறணும். அது போதும், நான் எழுதி அந்த முடிவ நிறுத்தி வச்சிடுவேன்."

"அது கேக்கத நிப்பாட்டச் சொல்லேன்."

"எடம் தெரிஞ்சாத்தான் அடுத்த ஊர்ல யாரை ஏத்தணும், எந்தப் பாதையில போகணும்னு அதுக்குத் தெரியும். கேக்காம இருக்க முடியாதும்மா."

சாயங்காலம் வண்டி வந்தது. ஊரில் பாதிப் பேர் நிறுத்தத்தில் நின்றார்கள். பேச்சித்தாயைக் கடையை விட்டு வர வேண்டாம் என்று ஜெபசிங் சொல்லியிருந்தான். தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. "வணக்கம். நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

அய்யாக்குட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீராப்பாக முன்னால் போனார். ஒரு காலைப் படியில் வைத்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. "நாளைக்குச் சந்தைல ரெண்டு கெடா விக்க வேண்டியிருக்கு, இன்னைக்கு எதுக்கு வம்பு" என்று முணுமுணுத்துக்கொண்டு பின்வாங்கினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

அரியநாச்சி எழுந்தாள். வீங்கிய கால்களை இழுத்து இழுத்து வைத்துக் கதவுவரை வந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். சொல்லிருங்க சித்தி, சொல்லிருங்க என்று பேச்சித்தாய் மனசுக்குள் கெஞ்சினாள். "ஆ..." என்று தொடங்கிய அரியநாச்சி நிறுத்திவிட்டாள். அவள் கண்முன் சங்கரபாண்டி வந்து நின்றிருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டு மடங்கி உட்கார்ந்தாள்.

"பதில் கிடைக்கவில்லை. நன்றி" என்று சொல்லிவிட்டு வண்டி வெறுமனே கிளம்பிப் போயிற்று.

"செத்தா செத்துட்டுப் போறேன்" என்றாள் அரியநாச்சி, யாரையும் பார்க்காமல். "இந்த வண்டியால நான் பட்டது போதும். கால் வீங்க ஆரம்பிச்ச புதுசுல டாக்டர்ட்ட காட்டணும்னுதான் இதுல ஏறுனேன். பாதி வழில எறங்கி ஓடைப்பாலத்துலருந்து நடந்தே திரும்புனேன். தார் ரோடு ஒட்டிச் செருப்பு பிஞ்சு போச்சு. பாதமெல்லாம் கொப்புளம். அதோட வீட்டுல கெடந்துட்டேன். ஆறு மாசம் கழிச்சுப் போனா, அன்னைக்கே வந்திருக்கலாமேம்மாங்கான் டாக்டரு."

"பாதி வழில எதுக்கு எறங்குனே?" என்று அய்யாக்குட்டி கேட்டார்.

"எறங்க வேண்டி வந்துச்சு, எறங்குனேன். அத விடு."

தையல் மெஷினின் மேல் இருந்த பேச்சித்தாயின் கை அப்படியே நின்றது.

ஓடைப்பாலம். பங்குனி வெயில். முக்காடு போட்ட முதுகு.

அவளுக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அரியநாச்சி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடியாகக் கீழத் தெருப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளையைக் காப்பாற்ற இறங்கியவளும் அவள்தான், பிள்ளையின் தாய் முகத்தில் விழிக்கப் பயந்தவளும் அவள்தான். ஒரே மனசுக்குள் இரண்டையும் கடவுள் எப்படித்தான் சேர்த்து வைத்தாரோ என்று பேச்சித்தாய் நினைத்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஜெபசிங் கடைப் படியில் வந்து உட்கார்ந்தான். முகம் வாடியிருந்தது. அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே வைத்திருந்தான்.

"எங்க அம்மாவும் இப்படித்தாங்க்கா. நான் கிளம்புறப்ப எங்கடான்னு கேக்கவே மாட்டாங்க. ஜெபம் பண்ணி அனுப்புவாங்க. ராத்திரி வந்தப்புறந்தான் கேப்பாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "ஏன்க்கா, உங்க ஊர்ல கிளம்புறவங்கள யாரும் எதுவுமே கேக்க மாட்டீங்களா? எதிர்ல ஆளப் பாத்தா வாய மூடிக்கிட்டா போவீங்க?"

பேச்சித்தாய் கீழத் தெருப் பக்கம் பார்த்தாள்.

பதில் அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது சொல்லத் தகுந்த சங்கதி என்று யாருக்கும் தோன்றாத அளவுக்குப் பழகிப்போன வழக்கம். எதிரே வருகிறவர் "தூரமா?" என்று கேட்பார். "ஆமா, டவுன் வரைக்கும்" என்று போகிறவர் தானாகவே சொல்வார். கேட்டவருக்கும் விவரம் தெரிந்துவிடும், போகிறவருக்கும் மனம் கோணாது. அந்த ஒரு மரியாதையை வண்டிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும்.

கற்றுக்கொடுத்துவிட்டால் நாளையிலிருந்து பேச்சித்தாய் எதற்கு?

விடியற்காலையில் கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்ற நாட்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. தன்னைக் கண்டதும் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்தவர்களின் தொண்டைச் சத்தம் காதில் கேட்டது. இப்போது செவ்வந்தி யார் வீட்டு முற்றத்திலோ விளையாடிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கும் அந்த வீடு அவளைக் கூப்பிடுமா? பேசாமல் இருந்துவிட்டால்? யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேசாமல் இருந்தால் வண்டி போய்விடும். வண்டி போனால் அரியநாச்சி ஒரு வாரம் தாங்குவாளா?

அன்று வண்டிக்குள் இருந்தவளும் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை. இறங்கிவிட்டாள்.

"கேப்போம் தம்பி" என்றாள் பேச்சித்தாய். "தூரமான்னு கேப்போம்."

அவள் சொல்லி முடித்தபோது ஜெபசிங் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தான். "இவ்வளவுதானா! அந்தந்த ஊர்ப் பேச்சு வழக்க வண்டிக்குச் சொல்லிக் கொடுக்க எடம் இருக்குக்கா. யாரும் அதத் தொட்டதே இல்ல. ஆனா ஊர்க்காரங்க குரல்ல சொன்னாத்தான் அது எடுத்துக்கும். இந்த ஊர்ல அதுக்குத் தெரிஞ்ச ஒரே குரல் உங்களோடதுதான்." திரும்பிப் பார்த்தான். "இது நீங்க சொன்னதுன்னு ஊர்ல சொல்லட்டுமா?"

"வேண்டாம் தம்பி. என்னத்துக்கு? கம்பெனியே மாத்துனதா இருக்கட்டும்."

வண்டியைத் திரும்ப வரவழைத்தான். விளக்கு வைக்கிற நேரம். தெருவில் ஆள் இல்லை. "உள்ள போய் உக்காந்து பேசுங்க. என் குரல் கலந்துரக் கூடாது, நான் அந்தப் பக்கம் போய், நாளைக்குக் காலையில இன்னொரு தடவை வண்டிய அனுப்பச் சொல்லி ஆபீசுக்குப் பேசிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போனான்.

இரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பேச்சித்தாய் அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். கதவு மூடிக்கொண்டது.

"வணக்கம். நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

"நான் எங்கயும் போகல தாயி. உனக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"சொல்லுங்கள்."

"பொறப்படுறவங்கள எங்கன்னு கேக்காத. மனசு விட்டுப்போயிரும். தூரமான்னு கேளு. அவங்களே எடத்தச் சொல்லுவாங்க. உடனே சொல்லலேன்னா அவசரப்படாம கொஞ்சம் பொறுத்துக்கோ. வயசானவங்க, சீக்காளிங்க ஏறுவாங்க."

"சரி. அவர்கள் பதில் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல வேண்டும்?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

"தினமும் கதவு மூடும்போது நீங்கள் ஒன்று சொல்வீர்கள்" என்றது வண்டி. "நல்லபடியா போயிட்டு வாங்க. அதையே சொல்லலாமா?"

தன் வாய்க்குள்ளேயே சொல்லித் தன் வாய்க்குள்ளேயே முடித்துக்கொண்டது அது. எத்தனையோ விடியற்காலைகள். ஒரு மனுஷர் காதிலும் விழவில்லையே என்று நினைத்திருந்தாள்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"தினமும் கேட்டது."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லு தாயி" என்றாள். "எல்லாருக்கும் சொல்லு."

"கற்றுக்கொடுத்தவர் பெயர்?"

"ஊருன்னு போட்டுக்கோ."

மறுநாள் விடியும் நேரம். செவ்வந்தி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் கடையைத் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால், பழைய இடத்தில் நின்றாள். நிறுத்தத்தில் ஆட்கள் கூடுவது கேட்டது. இன்றைக்கும் ஒருவேளை வண்டி வந்துவிடாதா, பார்த்துவிடலாம் என்று வந்தவர்கள்.

"பேச்சியக் காணலயே?" இது அரியநாச்சியின் குரல். அவளைத் தேடி அந்தக் குரல் எழுவது இதுதான் முதல் தடவை. பேச்சித்தாயின் கை தாழ்ப்பாள்வரை போய்விட்டது. அதற்குள் வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது.

"வணக்கம். தூரமா?"

அய்யாக்குட்டி அடக்க முடியாமல் சொன்னார்: "பாத்தியா! கம்பெனிக்காரன் மாத்திட்டான்யா. மரியாதையாக் கேக்குது பாரு! ஏ, ஆமாத்தா, தூரந்தான். சந்தைக்குப் போணும்." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று குரல்கள். இனி அவ எதுக்கு என்று யாரோ சொல்லிச் சிரித்ததும் பேச்சித்தாய் காதில் விழுந்தது. அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"தூரமா?"

வண்டி காத்திருந்தது. அவசரப்படாமல் காத்திருந்தது.

"ஆமா தாயி" என்றாள் அரியநாச்சி கடைசியில். "தூரந்தான். ஆஸ்பத்திரி வரைக்கும்."

"நல்லபடியா போயிட்டு வாங்க."

"போயிட்டு வாரேன் தாயி" என்றாள் அரியநாச்சி. குரல் தெளிவாக, தழுதழுப்பில்லாமல் வந்தது.

கதவிடுக்கு வழியே பார்த்தபோது வண்டியின் பின் இருக்கையில் முக்காடு போட்ட தலை தெரிந்தது. வண்டி ஓடைப்பாலத்துப் பக்கம் திரும்பி, புழுதிக்குள் மறையும்வரை பேச்சித்தாய் பார்த்தாள். பிறகு, வீட்டுக்குள்ளிருந்த இருட்டில் இரண்டு கையையும் குவித்து, பங்குனி வெயிலில் சொல்லாமல் விட்ட வார்த்தையை வாய்க்குள்ளேயே சொன்னாள்.